சும்மா ‘சூப்பர்’ எண்டு எழுதாதேங்கோ

வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த மாசம் வந்த கேள்வியள்ல முக்காவாசி ஒரே இடத்தைத்தான் சுத்துது. வீட்டில இருந்தபடி சூமில பாடுறது, வாசிக்கிறது, பிறகு வட்ஸ்அப் குறூப்பில ஆளாளுக்குக் கருத்துச் சொல்லுறது. 2020 லொக்டவுனுக்க பொழுது போகாமத் தொடங்கின விசயம், சனம் வெளியில வந்த பிறகும் விடேல்லை, ஏனெண்டா பாதிக் குடும்பம் ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் இருக்கேக்க எல்லாரும் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில கூடுறது எண்டா நடக்கிற காரியமே. அதால இந்த முறை மாமியார் கேள்வியளை அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போட்டன், கோவிக்காதேங்கோ.

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயசு, பாங்க்கில வேலை. கலியாணத்துக்கு முதல் ஒன்பது வருசம் பாட்டுப் படிச்சனான், பிறகு விட்டு, இப்ப ரெண்டு வருசமாத் திரும்பத் தொடங்கியிருக்கிறன். மாசத்தில கடைசி ஞாயிறு இரவு ஏழரைக்கு நாங்கள் 14 பேர் சூமில ஆளுக்கொரு உருப்படி பாடுவம். போன மாசம் கல்யாணி ராகம் கொஞ்சம் ஆலாபனை செய்து பாடினன். மேல போகேக்க சுருதி விலகினது எனக்கே தெரியும். ஆனா முடிஞ்ச உடன குறூப்பில ‘சூப்பர்’, ‘அருமை’, கைதட்டுற படம், பூ, இன்னும் பூ. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. உண்மையான கருத்தை எப்பிடி வாங்குறது? ரெக்கோர்டிங்கும் அனுப்பியிருக்கிறன்.
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: முதல்ல அந்த 14 பேருக்காகக் கொஞ்சம் கதைக்கிறன். ஞாயிறு இரவு, விடிஞ்சா வேலை, பள்ளிக்கூடம், ஆளுக்கு ஏழு நிமிசம் எண்டாலும் எல்லாரும் பாடி முடிய ஒண்டரை மணித்தியாலம் தாண்டும், பன்னிரண்டாவது ஆள் பாடேக்க கேக்கிறவேன்ர ஒரு காது குசினிக்குள்ள நிக்கும், ரொறன்ரோக்காரருக்கு அப்ப காலமை பத்து மணி, அவைக்குப் பிள்ளையளை நீச்சல் கிளாசுக்குக் கொண்டு போகவேணும். இந்த நிலைமையில ‘சூப்பர்’ எண்டது கருத்தே இல்லை, ‘நானும் இருந்தனான்’ எண்டு போடுற கையெழுத்து. அதோட எங்கட ஆக்களுக்குப் பிழை சொல்லுறது எண்டா பகைக்கிற மாதிரி. நாளைக்குக் கலியாண வீட்டில பக்கத்துக் கதிரையில இருக்க வேணுமெல்லோ.

மண்டபத்தில எண்டா இந்தக் கரைச்சல் இல்லை. ராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில முன் வரிசையில ஒரு வயசான ரசிகர் தொடையில தாளம் போட்டுக்கொண்டிருப்பார், நீங்கள் எங்கயோ இடறினா அந்தக் கை ஒரு கணம் நிக்கும், அவ்வளவுதான், பாடுறவைக்கு விளங்கீரும். நல்ல சங்கதி (ஒரு வரியை மெருகேத்தி மாத்திப் பாடுறது) ஒண்டு விழுந்தா ‘ஆகா’ எண்டு ஒரு சத்தம் வரும், அதும் எந்த இடத்தில வந்ததெண்டு தெரியும். சூமில எல்லாரும் மியூட். அந்தக் கையும் இல்லை, அந்த ஆகாவும் இல்லை, நீங்கள் ஒரு கிணத்துக்குள்ள பாடுறீங்கள். அதால அந்தக் கை செய்த வேலையை இப்ப சொல்லுதான் செய்ய வேணும், அப்ப சொல்லுக்கு இடம் குறிச்சிருக்க வேணும்.

அதால பாட முதலே கேளுங்கோ. ‘எப்பிடி இருந்திச்சு’ எண்டு கேக்காதேங்கோ, அதுக்கு ‘நல்லா இருந்திச்சு’ எண்டதைத் தவிர வேற பதில் தமிழில இல்லை. ‘தார ஷட்ஜத்தில (மேல் ஸ) நிக்கேக்க சுருதி நிக்குதோ எண்டு மட்டும் பாருங்கோ’ எண்டு சொல்லிப்போட்டுப் பாடுங்கோ. நீங்களே வாசலைத் திறந்து விட்டால்தான் ஆக்கள் உள்ள வருவினம். 14 பேரிட்டயும் கேக்கவும் வேண்டாம், ரெண்டு பேரிட்ட தனியாக் கேளுங்கோ, ஒருத்தர் உங்களைவிடக் கூடத் தெரிஞ்சவரா இருக்கட்டும், மற்றவர் சங்கீதமே தெரியாத ஆளா இருக்கட்டும். தெரியாத ஆள் ‘நடுவில ஒரு இடத்தில எனக்கு ஒரு மாதிரி இருந்தது’ எண்டு சொன்னா அந்த இடத்தை நம்புங்கோ, ஏன் எண்டு அவருக்குத் தெரியாட்டியும் இடம் சரியாத்தான் இருக்கும்.

எனக்கு 19 வயசில ஒரு கோயிலில பாடிப்போட்டு இறங்கேக்க மிருதங்கம் வாசிச்ச ஐயா கூப்பிட்டுச் சொன்னார், ‘பிள்ளை, நீ முருகனை ரெண்டாக் கிழிக்கிறாய், முரு எண்டு விட்டிட்டு மூச்சு எடுத்து, பிறகு கா எண்டுறாய், அவர் பாவம் நடுவில நிக்கிறார்.’ அண்டைக்குச் சரியான கோவம், சாப்பிடாமப் படுத்தனான். ஆனா இண்டைக்கு வரைக்கும் ஒரு சொல்லை வெட்டி மூச்சு எடுத்ததில்லை.

சரி, ரெக்கோர்டிங் மூண்டு தரம் கேட்டன். ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் (ஸ, ப) தொடாமத் தாண்டித் தாண்டி நிஷாதத்துக்கு (நி) வாறீங்களே, அந்தப் பிடியள் அசல் கல்யாணி, அந்த ஒன்பது வருசம் வீணாப் போகேல்லை. 3 நிமிசம் 40 செக்கனில தார ஷட்ஜம் கீழ நிக்குது, ஓம், விலகுது. ஆனா அது தொண்டைப் பிழை எண்டு நான் நினைக்கேல்லை, சுருதியை அஞ்சரைக் கட்டையில வச்சுப் பாடுறீங்கள், 19 வயசில பாடின சுருதியை இப்பவும் வச்சிருக்கிறீங்கள் போல. அடுத்த மாசம் கொஞ்சம் இறக்கி அஞ்சு கட்டையில பாடிப்போட்டு எனக்கு அனுப்புங்கோ.

கேள்வி: அக்கா, நான் கொட்டாஞ்சேனை, 23 வயசு. வயலின் கத்துக்க ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம். முதல் முறையா ஒன்லைன் நிகழ்ச்சில மோகன ராக வர்ணம் வாசிச்சேன். முடிஞ்ச உடனே ஒரு அங்கிள் எல்லாரும் பாக்கிற குரூப்ல 11 பாயிண்ட் போட்டு எழுதிட்டாரு. வில்லு அறுந்து அறுந்து வருதாம், தாளம் ஓடுதாம், தைவத ஸ்வரம் பிசகுதாம், கடைசில ‘தம்பி இன்னும் ரெண்டு வருசம் சரளி வரிசை வாசிக்கலாம்’னு வேற, அது ஆரம்பப் பிள்ளைங்களோட முதல் பாடம். என் தங்கச்சி, அவ ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அந்த குரூப்ல இருக்காங்க. மூணு வாரமா வயலின் பெட்டியைத் திறக்கல.
(பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, முதல்ல பெட்டியைத் திறந்து வில்லு மயிரைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்க, கடல் பக்கத்து ஈரக்காத்தில மூணு வாரம் பூட்டி வச்சா அது வேற கதையாப் போயிரும்.

இப்ப அந்த 11 பாயிண்டுக்கு வருவம். அதில முதலாவது, வில்லு அறுந்து வருது எண்டது, உங்கட பிழையே இல்லாம இருக்கலாம். சூம் எண்டது ஆக்கள் கதைக்கிறதுக்குச் செய்தது. கதைக்கிற சத்தம் விட்டு விட்டு வரும், ஃபேன் சத்தம் ஒரே சீராய் வரும், அப்ப அது என்ன செய்யுதெண்டா ஒரே சீராய் வாற எதையும் இரைச்சல் எண்டு நினைச்சு வெட்டும். நீங்கள் ஒரு ஸ்வரத்தில வில்லை நீட்டி இழுத்தா அதுக்கு அது ஃபேன். சுருதிப் பெட்டியை வச்சா அதும் ஃபேன். பாடுறவர் தம்பூரா ஓடவிட்டுப் பாடிக்கொண்டிருப்பார், மற்றப் பக்கத்தில இருக்கிறவைக்குத் தம்பூராவே கேக்காது, பிறகு ‘சுருதி இல்லாமப் பாடுறார்’ எண்டு கொமென்ட் வரும். இதுக்கு 2020 இலயே சூம்காரர் ஒரு வழி வச்சவை. கொம்பியூட்டரில ஓடியோ செட்டிங்ஸுக்குள்ள ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபோர் மியூசிஷன்ஸ்’ எண்டு இருக்கும், அதைத் தெரிவு செய்து, அதுக்குள்ள ‘ஹை ஃபிடெலிட்டி’ எண்டதையும் போட்டு, மைக் சத்தத்தைத் தானாக் கூட்டிக் குறைக்கிற வசதியை எடுத்துவிடுங்கோ. எக்கோ வெட்டுறதையும் நிப்பாட்டினா வயர் உள்ள இயர்போன் கட்டாயம், இல்லாட்டிச் சத்தம் சுத்திச் சுத்தி வரும். புளூடூத் வேண்டாம், அதின்ர மைக்கில வயலின் டெலிபோன் பெட்டிக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கும்.

சோதிக்கிறதும் லேசு. அதே வர்ணத்தைப் போனில தனியா ரெக்கோர்ட் செய்து அங்கிளுக்கு வட்ஸ்அப்பில அனுப்புங்கோ, வொயிஸ் மெசேஜா இல்லை, டொக்கியூமென்டா அனுப்புங்கோ, அப்பதான் அது சுருக்கி நசிக்காமப் போகும். வில்லுப் பிழை போயிற்றுதெண்டா பிழை சூமில. அப்பவும் இருந்தா உங்களில.

ஆனா தம்பி, தாளம் ஓடுது எண்டதை சூமில போட ஏலாது. சூம் சில நேரம் திக்கும், ஆனா ஒருத்தற்ற முழு வர்ணத்தையும் சீராய் வேகப்படுத்தாது. ரெண்டாம் காலத்துக்கு, அதாவது ரெட்டை வேகத்துக்கு, வந்த உடன கை பதறி ஓடுறது புதுசா வாசிக்கிற எல்லாருக்கும் இருக்கிற வருத்தம்தான். உங்கட ரெக்கோர்டிங்கைப் போட்டுவிட்டு வெறுங்கையில ஆதி தாளம் போட்டுப் பாருங்கோ, கை பிந்தினா அங்கிள் சொன்னது சரி. 11 இல ஒண்டு சரி எண்டாலும் லாபம். மிச்சம் பத்தையும் அவரிட்டயே விடுங்கோ.

அவருக்குப் பதில் எழுத வேணும் எண்டு கை துறுதுறுக்கும். ஒரு நாள் பொறுங்கோ. பிறகு ‘தாளத்தைப் பார்க்கிறேன் அங்கிள், நன்றி’, இவ்வளவு போதும். கரண்ட் போச்சு, விரல் வெட்டிப்போட்டுது, வயலின் மாமாட வயலின், இதெல்லாம் எழுதத் தொடங்கினா அடுத்த முறை சொல்ல வாறவையும் வாயைப் பொத்திக்கொண்டு பூப் போட்டிட்டுப் போயிருவினம்.

சரளி வரிசை எண்டு சொன்னது மட்டும் எனக்கும் பிடிக்கேல்லை. அது கருத்தில்லை, குட்டு.

கேள்வி: நான் தெஹிவளையில் வசிக்கும் ஓய்வுபெற்றவன். சங்கீதம் முறையாகப் படித்து வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளும் எடுத்தவன். எங்கள் ஒன்லைன் நிகழ்ச்சிகளில் இளையவர்களின் பிழைகளை நேரம் ஒதுக்கி விரிவாக எழுதிக் கொடுக்கிறேன். நன்றி சொல்வார் இல்லை. சிலர் என்னை ப்ளொக் பண்ணியும் விட்டார்கள். உண்மையைச் சொல்வது குற்றமா?

பதில்: ஐயா, மேல இருக்கிற கொட்டாஞ்சேனைத் தம்பியைத் தெரியுமோ எண்டு கேக்க மாட்டன்.

உண்மை சொல்லுறது குற்றமில்லை. ஆனா நீங்கள் பரீட்சைக்குப் போகேக்க நீங்களாத்தான் பேர் குடுத்து, காசு கட்டி, பரீட்சகருக்கு முன்னால போய் இருந்தீங்கள். அவர் தெருவில போன உங்களைப் பிடிச்சு மார்க்ஸ் போடேல்லை. இந்தப் பிள்ளையள் வந்தது பரீட்சைக்கு இல்லை. அதில ஒருத்தர் கேட்டா 20 பாயிண்டும் எழுதுங்கோ, கேக்காட்டி ஒண்டு, அதும் உள்பெட்டியில.

பரீட்சை எண்டு வந்தாப்போல ஒண்டு சொல்லுறன். கொழும்பில வெஸ்டேர்ன் மியூசிக் படிக்கிற பிள்ளையள் பிரிட்டிஷ்காரர் நடத்துற ஏபிஆர்எஸ்எம் பரீட்சை எடுக்கிறது உங்களுக்குத் தெரியும். அதில மொத்தம் 150, பாஸ் 100, ஒரு உருப்படிக்கு 30, அதில பாஸ் 20. பரீட்சகர் அந்த 20 இல நிண்டுகொண்டு, நல்லா இருந்தா மேல ஏத்துவார், குறை இருந்தா கீழ இறக்குவார். எங்கட ஆக்கள் 30 இல தொடங்கிக் கழிச்சுக் கழிச்சுக்கொண்டு வருவினம், கழிக்க ஒண்டுமில்லாட்டி உடுப்பில கழிப்பினம். ‘இந்தப் பிள்ளைக்கு இப்ப என்ன வருது’ எண்டதில இருந்து எண்ணத் தொடங்கினா எழுதுற வசனமே மாறும் ஐயா, நானும் படிப்பிச்ச காலத்தில முதல் பத்து வருசம் கழிச்சவள்தான், ரெண்டு பிள்ளையள் பாட்டையே விட்டிட்டுப் போச்சுதுகள், அதில ஒண்டு நல்ல குரல்.

மற்றது வரிசை. சுருதி மாதா, லயம் பிதா எண்டு நாங்கள் எல்லாரும் படிச்சது. சுருதி ஆடுற பிள்ளையிட்ட கமகம் (ஸ்வரத்தை அசைக்கிறது) போதாது, பாவம் (உணர்ச்சி) போதாது எண்டு சொல்லி என்ன பிரயோசனம். ஆகக் கீழ இருக்கிற கல்லு எது ஆடுதோ அதை மட்டும் சொல்லுங்கோ, அது இறுகினா மேல இருக்கிறதில பாதி தானாச் சரிவரும். நேரத்தையும் குறிச்சு எழுதுங்கோ, ‘2 நிமிசம் 10 இல அனுபல்லவி (பாட்டின்ர ரெண்டாம் பகுதி) எடுக்கேக்க அரை இடம் முந்தீற்றீர்’ எண்டு. உங்களுக்கு இருக்கிற காது எல்லாருக்கும் இல்லை, அந்தக் காதை அந்தப் பிள்ளையளுக்குக் கடன் குடுங்கோ.

அந்தத் தம்பி உங்களுக்கு ஒரு ரெக்கோர்டிங் அனுப்பினாலும் அனுப்புவார். தாளத்தை மட்டும் கேளுங்கோ.

கேள்வி: நான் பம்பலப்பிட்டி, தங்கச்சி லண்டன். சூமில ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினம், கேட்டவை எல்லாரும் ‘தாளம் சேரேல்லை, இன்னும் ப்ராக்டிஸ் பண்ணுங்கோ’ எண்டுகினம். எத்தினை தரம் பழகியும் சேருதில்லை.

பதில்: நூறு வருசம் பழகினாலும் சேராது, கருத்துச் சொன்னவைக்கும் அது தெரியேல்லை. சத்தம் காத்தில ஒரு மீற்றர் போகக் கிட்டத்தட்ட 3 மில்லிசெக்கன் எடுக்கும். மேடையில பத்து மீற்றர் தள்ளி நிண்டு பாடினா 30 மில்லிசெக்கன் பிந்தும், அதுதான் ஏறக்குறைய எல்லை, அதுக்கு மேல போனா ஆளை ஆள் பார்த்துப் பார்த்து வேகம் குறைஞ்சுகொண்டே போகும். கொழும்புக்கும் லண்டனுக்கும் இடையில சூமில அது 100, 200 எண்டு போகும். நீங்கள் 60 மீற்றர் தள்ளி நிண்டு கண்ணைக் கட்டிக்கொண்டு பாடுற மாதிரி. ஒராள் முதல்ல ரெக்கோர்ட் செய்து அனுப்ப, மற்றவ அதை இயர்போனில கேட்டுக்கொண்டு பாடிச் சேர்த்துப் போடுங்கோ. இல்லாட்டி ஒராள் பல்லவி, மற்றவ சரணம்.

கேள்வி: மகளுக்கு 9 வயசு. வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் எல்லாம் பார்க்கிற நிகழ்ச்சியில பாடினவள். ஒரு அன்ரி ‘எங்கட மகள் இந்த வயசில வர்ணமே பாடினவள்’ எண்டு எழுதிப்போட்டா. பிள்ளை வாசிச்சிட்டாள்.
(வத்தளைத் தாய்)

பதில்: 9 வயசுப் பிள்ளைக்குக் குறூப் எதுக்கு? போனை உங்களிட்ட வச்சு, அதில வாறதில ஒண்டு ரெண்டை நீங்கள் வாசிச்சுக் காட்டினாப் போதும். அன்ரிக்குப் பதிலே வேண்டாம். மகளிட்ட, ‘நீ பாடினதில உனக்கு எந்த இடம் விருப்பம்’ எண்டு கேட்டுப் பாருங்கோ, அவள் சொல்லுற இடத்தைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேளுங்கோ. போன் இல்லாமக் கேளுங்கோ, வீடியோ எடுக்காம.

கேள்வி: அக்கா, நான் மிருதங்கம், வேலை ஐடி. எங்கட குறூப்பில பாடுற ஆக்கள் ரெக்கோர்டிங் அனுப்புவினம், நான் அதுக்கு வாசிச்சுச் சேர்த்து அனுப்புவன், பிறகு அது நிகழ்ச்சியில போகும். எல்லாக் கொமென்டும் பாடினவைக்கு. ஒண்டரை வருசத்தில எனக்கு வந்தது மொத்தம் ஒரு வசனம், ‘மிருதங்கம் கொஞ்சம் சத்தம் கூட’. நான் என்ன, ஃபேனா?

பதில்: சிரிச்சுப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பக்கவாத்தியக்காரன்ர பிறவிக் குறை இது, மண்டபத்திலயும் அப்பிடித்தான், ஆனா அங்க தனி ஆவர்த்தனம் எண்டு மிருதங்கம் தனிய வாசிக்கிற நேரம் ஒண்டு இருக்கு. உங்கட விசயத்தில இன்னொரு காரணமும் இருக்கு. சனம் கேக்கிறது போன் ஸ்பீக்கரில. அந்தச் சின்ன ஸ்பீக்கரால கீழ் நாதம் வராது. உங்கட வலந்தலையில (வலப்பக்கத் தோலில) விழுற அடி மட்டும் டிக் டிக் எண்டு கேக்கும், இடந்தலையில நீங்கள் கை வழுக்கிக் குடுக்கிற கும்கி எல்லாம் காத்தோட போயிரும். அப்ப கேக்கிறவைக்கு நீங்கள் மேசையில தட்டுற மாதிரி இருக்கும், ‘சத்தம் கூட’ எண்டதும் அதாலதான் வந்திருக்கும். ‘ஹெட்போன் போட்டுக் கேளுங்கோ’ எண்டு ரெக்கோர்டிங்கோட ஒரு வரி எழுதிப் போடுங்கோ.

அதைவிட முக்கியமா, உங்களுக்குக் கருத்துச் சொல்ல வேண்டிய ஆள் பாடினவதான், மற்றவை இல்லை. அவவிட்ட நேராக் கேளுங்கோ, ‘நிரவலில (ஒரே வரியை மாத்தி மாத்திப் பாடேக்க) நான் நிரப்பின இடம் உமக்கு இடைஞ்சலா இருந்ததோ’ எண்டு. ஆனா ஒரு கேள்வி நானும் கேக்கட்டே. அவ பாடினது முதலே ரெக்கோர்ட் ஆகிப் போச்சு, நீங்கள் பிறகு வாசிக்கிறீங்கள், நீங்கள் என்ன வாசிச்சாலும் அவ திரும்பிப் பார்க்க ஏலாது. மூண்டு பாட்டுக்கு ஒரு பாட்டாவது மாத்திச் செய்யுங்கோ, நீங்கள் முதல் வாசிச்சு அனுப்புங்கோ, அவ அதுக்கு மேல பாடட்டும். அப்ப தெரியும் உங்களைக் கேட்டவவோ இல்லையோ எண்டு.

கேள்வி: ராத்தான்னு கூப்புடலாமா? நான் தெமட்டகொட, 34 வயசு. மகனுக்கு வாங்கின கீபோட்ல நானே பியானோ கத்துக்கிறேன், ஒன்லைன்லதான் கிளாஸ். மூணு மாசத்துக்கு ஒருக்கா கிளாஸ் ஆக்கள் எல்லாம் சேர்ந்து வாசிப்போம். இந்த முறை பீத்தோவன்ட ‘ஃபியூர் எலீஸ்’ வாசிச்சேன். பாதியில ரோட்டால பாண் விக்கிற பாண்காரன்ட ஓட்டோ வந்திச்சி, அவன்ட ஸ்பீக்கர்லயும் அதே மெட்டு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, கொமென்ட் 30க்கு மேல, அத்தனையும் பாண்காரனைப் பத்தி. நான் நாலு மாசம் பழகினதைப் பத்தி ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லல. வீடியோ அனுப்பி ஈக்கேன்.

பதில்: ராத்தான்னே கூப்பிடுங்கோ, சந்தோசம். சிரிச்சதுக்கு அவைய குறை சொல்ல ஏலாது, இலங்கையில பாண் ஓட்டோக்கள் போடுறது அந்த மெட்டுத்தான், அதைக் கேட்டா எங்களுக்கு முதல்ல மாலுபாண்தான் (மீன் பணிஸ்) ஞாபகம் வரும், பீத்தோவன் பிறகுதான். நானும் முதல் தரம் சிரிச்சன். ரெண்டாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டன்.

பாண்காரன் வரேக்க நீங்கள் நிப்பாட்டேல்லை. அவன்ர சுருதி வேற, வேகம் வேற, அதுக்குள்ள உங்கட கை அசையாம அதே வேகத்தில போய்க்கொண்டிருந்தது, இதை மேடையில வருசக்கணக்கா நிண்டவையிட்டயும் நான் எல்லா நேரமும் காணுறதில்லை. அதுக்குப் பிறகு மெட்டு மாறி எஃப் மேஜருக்குப் போற பகுதி வருதே, அங்க வலக்கையில பொடி ஸ்வரங்கள் ஓடுற இடத்தில கொஞ்சம் பயந்து வேகத்தைக் குறைச்சிட்டீங்கள், பிறகு முதல் மெட்டு திரும்ப வந்த உடன அப்பாடா எண்டு ஓடுறீங்கள். முதல் பக்கத்தையே அந்தப் பொடி ஸ்வரம் தாங்கிற வேகத்தில தொடங்கிப் பாருங்கோ, வேகம் குறைவா இருக்கெண்டு கவலைப்படாதேங்கோ. பெடலை மற்றப் பகுதியில விட்டு விட்டு அழுத்துறது வீடியோவில வடிவாத் தெரியுது, ஆனா அந்தக் கீபோட்டின்ர ஸ்பீக்கரையும் உங்கட போன் மைக்கையும் வச்சு மெல்லிசு, பலம் எண்டு நான் ஒண்டும் சொல்ல மாட்டன், போன் ரெண்டையும் ஒரே அளவாக்கி விட்டிருக்கு.

டீச்சரிட்டச் சொல்லி அடுத்த முறையும் இதையே போடுங்கோ. நேரம் இல்லை எண்டா நடுப் பகுதியை மட்டும் வாசியுங்கோ, பாண்காரனுக்கு அது தெரியாது.